கோப்பிக்குத் தெரிந்த ஒரே தமிழ்

குப்பைப் பையைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதற்கே மயூரி திட்டம் போட வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில் வீடு. லிஃப்ட் வர ஒரு நிமிஷம், இறங்கி ஏற இன்னொரு நிமிஷம். அவள் செருப்பைக் கொழுவிக்கொண்டு கதவைச் சாத்தினால் போதும், உள்ளே கோப்பி தொடங்கிவிடும். குரைப்பு என்றால் சும்மா குரைப்பா? கோயிலில் நாதஸ்வரக்காரர்கூட இடைக்கிடை மூச்சு வாங்குவார். நாலரை மாதக் குட்டிக்கு அந்தத் தேவையே இல்லை.

கோப்பி என்று பெயர் வைத்தது அவள் புருஷன் சுகிர்தன். டோஹாவில் ஒரு கம்பனியில் சுப்பர்வைசர்; எட்டு மாதத்துக்கு ஒருக்கால் லீவில் வருவான். போன லீவில் அவன் வந்து நின்றபோது, பொரளையில் ஒரு இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் தன்னை வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று மயூரி சொன்னாள். கலியாணத்துக்கு முன் அவள் செய்த வேலைதான். விட்டு ஐந்து வருஷம். "பாப்பம்" என்றான். மூன்றாம் நாள் கையில் ஒரு காட்போட் பெட்டியோடு வந்தான். பெட்டிக்குள் கோப்பி நிறத்தில் ஒரு உருண்டையும் இரண்டு கண்ணும் இருந்தன.

"தனிய இருக்க ஏலாதெண்டுதானே வேலை வேலை எண்டு நிக்கிறீர்? இந்தாரும், துணை."

அடுத்த நாள் ஹோல் சுவரில் ஒரு கமராவும் ஏறியது. "குட்டியைப் பாக்கோணும் போல இருந்தா அங்க இருந்தே பாப்பன். இதுக்குள்ளால கதைக்கவும் ஏலும்" என்றான்.

கதைத்தான். அதில் ஒரு குறையும் இல்லை. "மயூ, அந்த ஃபேன் சும்மா சுத்துது, நிப்பாட்டும்." "மயூ, ஆர் இப்ப வந்திட்டுப் போனது?" சுவரிலிருந்து குரல் வரும். முதல் கிழமை மயூரி ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டாள். பிறகு திடுக்கிடுவதை விட்டுவிட்டு, ஹோலுக்குள் வரும்போதெல்லாம் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொள்ளப் பழகினாள். ஒருநாள் தூசி தட்டும்போது வயர் கழன்றுவிட்டது. பத்து நிமிஷத்துக்குள் ஏழு கோல். அரை மணித்தியாலத்தில் கிருலப்பனையிலிருந்து சுகிர்தனின் தாய், மாமி நேசமலர், ஓட்டோ பிடித்து வந்து வாசலில் நின்றா. "தம்பி பயந்துபோனான் பிள்ளை, அதுதான் ஒருக்கா எட்டிப் பாப்பமெண்டு" என்று சொல்லிக்கொண்டே அறை அறையாக எட்டிப் பார்த்தா.

குட்டியில் பிழை சொல்ல முடியாது. அது என்ன செய்யும் பாவம்? மயூரியின் கால் பெருவிரலைக் கவ்விக்கொண்டுதான் நித்திரை கொள்ளும். கொழும்பில் நாய்களுக்கு இங்கிலிஷ்தான் தாய்மொழி; விடிய எழும்பித் தேவாரம் படிக்கிற வீட்டு நாயும் 'சிட்' என்றால்தான் குந்தும். கோப்பிக்கும் சிட், கம், ஸ்டே எல்லாம் மயூரி சொல்லிக் கொடுத்திருந்தாள். சுகிர்தன் லீவு முடியுமட்டும் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. வாசலைக் காட்டி, "சூ... பிடி!" என்பான். எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரிந்த ஏவல்தானே அது. குட்டி காதை நிமிர்த்தி, வாசலைப் பார்த்து வள்வள்ளென்று பாயும். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், மாமியும் சிரிப்பா. சும்மா சொல்லக்கூடாது, மயூரியும் சிரித்தாள். கோப்பிக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான்.

அவன் போன பிறகு குரைப்பு தலைக்கு மேலே போனது. கடற்கரை ரயில் கூவினால் குரைப்பு, குக்கர் விசிலடித்தால் குரைப்பு. நுகேகொடையில் ஒரு மிருக வைத்தியர் இருந்தா. சிங்களப் பெண், பொறுமைசாலி. ரயில் சத்தத்தை போனில் பதிந்து, மிக மெல்லிய சத்தத்தில் போட்டுக் காட்டி, குரைக்காமல் இருந்தால் உடனே ஒரு துண்டு பிஸ்கட் கொடுக்கச் சொன்னா. நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மயூரி அப்படியே செய்தாள். பத்து நாளில் ரயில் கூவினால் கோப்பி குரைப்பதை விட்டுவிட்டு பிஸ்கட் டின்னைப் பார்க்கத் தொடங்கியது. குக்கருக்கு நாலே நாள்தான் எடுத்தது.

வெளிக்கிட்டுப் போவதற்குத்தான் ஒரு வைத்தியமும் பலிக்கவில்லை. ஹேன்ட்பேக்கை எடுத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்து பார்த்தாள். ஒரு நிமிஷம் வெளியே நின்றாள், இரண்டு நிமிஷம் நின்றாள். சில நாள் குட்டி மூச்சுக்கூட விடாது. சில நாள் கதவைப் பூட்டிய கையோடு வீடு இடிந்து விழுகிற மாதிரிக் குரைக்கும். அது என்ன கணக்கென்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அதற்குள் முறைப்பாடுகள் போய்விட்டன. தொடர்மாடிக் கமிட்டிச் செயலாளர் சிவானந்தன், ஓய்வுபெற்ற தபாலதிபர், கடிதத்தைத் தானே மேலே கொண்டுவந்து தந்தார். "கோவிக்காதேங்கோ பிள்ளை. திங்கக்கிழமையில இருந்து ஒரு கொம்ப்ளெயின்ட் வந்தாலும் நாயை வைச்சிருக்க ஏலாது. நான் உங்கட மச்சாளுக்கும் டொரோண்டோவுக்கு ஈமெயில் போட்டிட்டன்." வீடு சுகிர்தனின் அக்காவுடையது.

திங்கட்கிழமைதான் மயூரி வேலைக்குச் சேர வேண்டிய நாள். வராவிட்டால் அடுத்த ஆளை எடுப்போம் என்று பொரளையில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

சுகிர்தன் கவலைப்பட்ட மாதிரித்தான் கதைத்தான். "இந்தப் பச்சைப் பிள்ளையைத் துரத்திப்போட்டு வேலைக்குப் போற அளவுக்கு உமக்கென்ன கல்மனமோ? நீர் வீட்டில நிண்டா ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த லாப்காரருக்கு ஏலாதெண்டு சொல்லிப்போடும்."

குட்டியை யாருக்காவது கொடுத்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்பவர்கள், அது காலில் தலை வைத்துப் படுத்திருக்கும்போது கேட்டுப் பார்க்கட்டும். மயூரி அன்று பின்னேரமே லாப்புக்கு ஏலாது என்று மெசேஜ் எழுதினாள். அனுப்பாமல் வைத்திருந்தாள். அழுகை வந்தது, கமராவுக்கு முன்னால் அழ விருப்பமில்லாமல் குளியலறைக்குள் போய் அழுதாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை காலை பால்மா வாங்கப் போய், காது கூச மேலே ஏறி வந்தபோது, எதிர்வீட்டு பைறோஸா வாசலில் நின்றா. பேரப்பிள்ளை தோளில். இன்றைக்கு நல்ல பேச்சு விழப் போகிறது என்று மயூரி தலையைக் குனிந்தாள்.

"மகள், ஒங்கட ஹஸ்பண்ட் வந்தீக்காரா?"

"இல்லையே அன்ரி. அவர் டோஹாவில."

"அப்ப அது யாரு? நீங்க எறங்கின கையோட ஊட்டுக்குள்ள ஆம்புள சத்தமொண்டு கேக்குது. பொறகுதான் நாய் கொலைக்குது. மொதல்ல ஆம்புள சத்தம், பொறகு நாய். கொலைக்கிற நாளெல்லாம் அப்பிடித்தான்."

மயூரி கதவைத் திறந்தாள். உள்ளே போனாள், பால்மாவை வைத்தாள், கமராவுக்குக் கேட்கும்படி கோப்பியிடம், "அம்மா ஃபார்மசிக்குப் போயிட்டு வாறன்" என்றாள். கதவைப் பூட்டினாள். செருப்புச் சத்தம் கேட்கப் படியில் இறங்கினாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு திரும்பி ஏறினாள். கதவில் காதை வைத்தாள்.

உள்ளே அமைதி. பிறகு சுவர் கதைத்தது.

"கோப்பி... டேய் கோப்பி. மயூ போயிட்டா. சூ! சூ... பிடி! பிடியடா!"

குட்டி வெடித்தது. குரல் விடவில்லை, குட்டி களைத்து நிற்கும்போதெல்லாம் திரும்ப ஏவியது. "சூ!"

மயூரிக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம். இவ்வளவு நாளும் இந்தப் பச்சைக் குட்டியைப் போய்ப் பேசினேனே என்ற வெட்கம். பிறகு மணியைப் பார்த்தாள். இங்கே ஏழரை என்றால் அங்கே விடியற்காலை ஐந்து. அவனுக்கு வேலை எட்டுக்கு. எலார்ம் வைத்து எழும்பியிருக்கிறான், பாவி. கோபம் அப்போதுதான் வந்தது.

போனைக் கதவு இடுக்கில் வைத்து எல்லாவற்றையும் பதிந்தாள். இதை அவன் முகத்துக்கு நேரே போட்டுக் காட்டுவேன் என்றுதான் பதிந்தாள்.

படியில் உட்கார்ந்து யோசித்தபோது அந்தத் துணிவு கரைந்தது. காட்டினால் என்ன சொல்வான்? அவளுக்கு மனப்பாடம். "நாயோட பகிடி விட்டதும் குற்றமே?" என்பான். மாமி ஓட்டோவில் வருவா. "பாசத்தில கதைச்சதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ பிள்ளை?" என்பா. வீடு மச்சாளுடையது. கமராவைக் கழற்றினால் அதற்கொரு வழக்கு. எந்தக் கதவைத் தட்டினாலும் அந்தக் கதவுக்குப் பின்னாலும் சுகிர்தன்தான் நின்றான். சண்டை பிடித்து வெல்லலாம் என்று அவள் நம்பவில்லை. ஐந்து வருஷத்தில் ஒரு சண்டையும் வென்றதில்லை.

கையில் இருந்தது ஒரு போனும் அரைப் பெட்டி மாரி பிஸ்கட்டும்தான்.

அன்று பகலே குட்டியையும் அதன் பாயையும் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். கமரா எட்டாத இடம். சத்தத்தை ஆகக் குறைத்துப் பதிவைப் போட்டாள். எறும்பு கதைக்கிற அளவில் அவள் புருஷன் "சூ" என்றான். கோப்பி காதை நிமிர்த்தியது. குரைக்க முதல் மூக்குக்கு நேரே பிஸ்கட் துண்டைக் காட்டி, அப்படியே பாய்க்குக் கொண்டுபோய் இருத்தினாள். திரும்ப "சூ". திரும்பப் பாய், பிஸ்கட். நூறு தரம் இருக்கும். குட்டிக்கு அது புது விளையாட்டு. மயூரிக்கு ஒவ்வொரு "சூ"வும் நெஞ்சில் விழுந்தது. ஆனாலும் போட்டாள்.

"என்ன மயூ, பாத்ரூமுக்குள்ள மணிக்கணக்கா?" ஹோல் சுவர் கேட்டது.

"குட்டிக்கு உண்ணி. மருந்து போட்டுத் தேய்க்கிறன்."

"ஓ... நல்லாத் தேயும்."

அந்த நாட்களில் அவள் கடைக்கும் இறங்கவில்லை. அவனுக்கு ஏவ இடம் கொடுக்கவில்லை. வீட்டிலேயே நிற்கிறாள் என்று அவனுக்கும் சந்தோஷம். வெள்ளிக்கிழமை சத்தத்தைப் பாதியாக்கினாள். கோப்பி ஒருக்கால் பிழை விட்டது, குரைத்தது. சத்தத்தைக் குறைத்து முதலிலிருந்து தொடங்கினாள். சனிக்கிழமை முழுச் சத்தம். தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டு அந்த இரைச்சலுக்குள் போட்டாள். குட்டி "சூ" என்றதும் தானாகவே ஓடிப்போய்ப் பாயில் குந்தி, வாலால் தரையைத் தட்டியது. ஞாயிறு பின்னேரம் பாயைக் கொண்டுபோய் ஹோலில், கமராவுக்கு நேர் கீழே விரித்தாள்.

"என்ன, நாளைக்கு லாப்புக்குப் போறீரோ?" என்றது சுவர்.

"ஒருக்காப் போய்ப் பாப்பம். குரைச்சா, திரும்பி வந்திடுறன்."

"அதுதான் நல்லது." குரலில் சிரிப்பு இருந்தது.

திங்கட்கிழமை ஏழரைக்கு மயூரி வெள்ளைக் கோட்டை மடித்து பேக்குக்குள் வைத்தாள். குட்டியின் தலையைத் தடவி, "போயிட்டு வாறன் ராசா" என்றாள். கதவைப் பூட்டினாள். செருப்புச் சத்தத்தோடு ஒரு படித்தொகுதி இறங்கி நின்றாள். மேலே பைறோஸாவின் கதவு கொஞ்சமாகத் திறந்திருந்தது. பேரப்பிள்ளை நித்திரை.

"சூ!" என்றது வீடு.

மயூரி கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"சூ! கோப்பி, சூ! பிடி!"

சத்தமில்லை. வாலால் தரையைத் தட்டுகிற மாதிரி ஒன்று மட்டும் மெல்லக் கேட்டது.

"டேய்... என்னடா? மயூ போயிட்டாளடா. சூ! எழும்படா! குரையடா நாயே, குரை!"

கடைசிச் சொல் மாடிப்படி முழுவதும் கேட்டது. பைறோஸா கதவைத் திறந்து வெளியே வந்து, மயூரியைப் பார்த்தா, பூட்டிய கதவைப் பார்த்தா. வாயில் கையை வைத்தா. "யா அல்லாஹ்" என்றா, பிறகு தாழ்ந்த குரலில், "நீங்க போங்க மகள். நான் ஈக்கிறன். நாய் கொலைக்கல்ல எண்டு எங்க கேட்டாலும் நான் சொல்லுறன்" என்றா.

பெரிய வீதிக்கு வந்து பஸ் ஏறி, ஜன்னலோரத்தில் இடம் கிடைத்து, கோட்டு கசங்காமல் பேக்கை மடியில் வைத்த பிறகு போன் அடித்தது.

"மயூ." மூச்சு வாங்கினான். "நாய்க்கு என்னவோ வருத்தம். ஒரு சத்தமும் இல்லை. பாயில குந்திக்கொண்டு கமராவையே பாக்குது. என்னையே பாக்குது. திரும்பி வாரும்."

"வருத்தமொண்டுமில்லை. உங்களிட்ட பிஸ்கட் கேக்குது."

"என்ன?"

"நீங்கள் சூ எண்டு சொன்னா, பாயில போய் இருக்கோணும், பிஸ்கட் வரும். அப்பிடித்தான் பழக்கி வைச்சிருக்கிறன். உங்கட குரலிலதான் பழக்கினது. போனில இருக்குது."

கோலை வெட்டிவிட்டானோ என்று மயூரி போனைப் பார்த்தாள். வெட்டவில்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாளைக்கு வேறொன்று கண்டுபிடிப்பான், அவளுக்குத் தெரியும். மாமி வருவா. மச்சாள் எழுதுவா. பின்னேரம் அவள் திரும்பிப் போக வேண்டியது அதே கமராவுக்கு முன்னால்தான்.

"வேலைக்கு நேரமாச்சு. பின்னேரம் கதைக்கிறன்" என்று அவளே வெட்டினாள்.

கொண்டக்டர் பக்கத்தில் வந்து எங்கே என்று கேட்டான்.

"பொரளை" என்றாள் மயூரி.