சின்னவளின் ஊர்

ஐம்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அக்கா அவளுக்கு இரண்டு வயதுதான் மூத்தவள். பேச்சைக் கேட்டால் இருபது வயது மூத்தவள் என்று தோன்றும்.

சின்னவளுக்கு ஒரு ஊர்ப் பைத்தியம் உண்டு என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கடல் தாண்டி, நடுவில் ஆறு ஓடுகிற, மேடும் பள்ளமுமான ஒரு பழைய நகரம். பிசியோதெரபி படித்து வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சிக்காக அவளை அங்கே மூன்று வாரம் அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரமும் விடாத மழை. கூடப் போனவர்கள் எப்போது வீடு திரும்புவோம் என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். இவள் ஒரு குடையை வாங்கிக்கொண்டு கால் போன போக்கில் நடந்தாள். கல் பாவிய சந்துகள், திருப்பத்தில் முனகியபடி வளையும் டிராம்கள், ஜன்னலில் தலை சாய்த்துப் புத்தகம் படிக்கிற ஜனங்கள். உடம்புதான் திரும்பி வந்தது, மனசு வரவில்லை.

“ஊரு மேல போய் யாராவது ஆசை வைப்பாங்களாடி? மனுஷங்க மேல வை,” என்றாள் அக்கா.

ஆசை வைத்தால் உடனே போய்விட முடிகிறதா? அப்பா படுக்கையில் விழுந்தார். அவரை எழுப்பி உட்காரவைத்து, நடக்கவைத்து, அவர் கண்ணை மூடும் வரை கூடவே இருந்தாள். அப்புறம் அத்தானுக்கு இருதய ஆபரேஷன். அப்புறம் அக்கா பிள்ளைகளின் பரீட்சைகள். ஒவ்வொரு தடவையும் அக்கா சொன்னது ஒன்றுதான்: “அந்த ஊரு எங்கயும் ஓடிப் போயிடாது.” ஊர் ஓடவில்லை, வருஷங்கள்தான் ஓடின. கல்யாணப் பேச்சுகள் வந்தன, போயின. சின்னவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அந்த நகரத்து வானொலியைத் தினமும் கேட்டு, அந்த மொழியை ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

அக்கா மகன் வேலைக்குப் போன வருஷம், அங்கே ஒரு மருத்துவமனை பிசியோ தேடுகிறது என்று தெரிந்து விண்ணப்பித்தாள். மொழித் தேர்வில் தேறினாள். வேலையும் கிடைத்தது. அக்கா சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் இரண்டு கனத்த போர்வைகளோடு வந்து அவள் பெட்டியில் திணித்தாள்.

“ஆறு மாசம். அதுக்குள்ள மூக்கைச் சிந்திக்கிட்டு வந்து நிக்கிறியா இல்லையா பாரு.”

சின்னவள் மூக்கைச் சிந்தவில்லை. நாலாவது மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில், இரண்டு அறை வீடு கிடைத்தது. சமையலறை ஜன்னலைத் திறந்து கழுத்தை எட்டி நீட்டினால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஆறு ஒரு துண்டு தெரியும். அந்த ஒரு துண்டுக்காகவே காலையில் சீக்கிரம் எழுந்தாள். எந்தப் பாலம் வெள்ளத்துக்குப் பிறகு கட்டியது, எந்தச் சிலைக்கு எப்போது மூக்கு உடைந்தது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒன்றே ஒன்றுதான் குறை. அந்த ஊரில் அவள் விருந்தாளி மாதிரியே நடமாடினாள். கடையில் ஒரு சோப்பு வாங்குவதற்கும் வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். வானொலியில் கற்ற மொழியாதலால், சோப்பு கேட்டாலும் சட்டசபையில் மசோதா தாக்கல் செய்கிற மாதிரி இருந்தது. கடைக்காரர்கள் லேசாகப் புன்னகைத்தார்கள். அதோடு இவள் கூசிப் போனாள். கீழ் மாடியில் ஒரு தையல்காரி இருந்தாள். வீட்டு முன்னறையிலேயே பழைய கோட்டுகளைப் பிரித்துத் தைத்துத் தருகிறவள். படியில் எதிர்ப்பட்டால் சின்னவள் வணக்கம் சொல்வாள். அவள் உம்மென்று தலையை ஆட்டிவிட்டுப் போவாள். வந்து வெகு நாளாகியும் சின்னவள் வீட்டுக் கதவை ஒருவரும் தட்டவில்லை.

இந்த நிலையில்தான் அக்கா வந்து இறங்கினாள். வந்த காரணத்தை மூடி மறைக்கவில்லை.

“ஒரு மாசம் இருப்பேன். போகும்போது உன்னையும் கூட்டிக்கிட்டுப் போவேன்.”

அக்காவுக்கு அந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அதை ஒரு குறையாகவும் அவள் நினைக்கவில்லை. சின்னவள் வேலைக்குப் போன முதல் நாளே, கோட்டில் ஜிப் மாட்டிக்கொண்டது என்று தையல்காரி வீட்டுக் கதவைத் தட்டி, “இதைக் கொஞ்சம் பாரும்மா,” என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறாள். ஜிப் சரியான பிறகும் எழுந்து வரவில்லை. அங்கே குவிந்திருந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாள் தையல்காரி அவளைச் சந்தைக்கு அழைத்துப் போனாள். அடுத்த சில நாளில் முக்கு ரொட்டிக்கடைக்காரர் அக்காவைத் தூரத்தில் பார்த்ததுமே கையை ஆட்ட ஆரம்பித்தார்.

ஒரு சாயங்காலம் சின்னவள் வேலை முடிந்து, மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வந்து கதவைத் திறந்தால், வீட்டுக்குள் ஒரே சிரிப்புச் சத்தம். சமையலறை மேஜையைச் சுற்றி அக்கா, தையல்காரி, ரொட்டிக்கடைக்காரர், அவர் மனைவி. அக்கா ஏதோ கதையைக் கையாலும் கண்ணாலும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பல் இருக்கிறது என்பதையே சின்னவள் அன்றுதான் பார்த்தாள்.

“வா, வா, உட்காரு,” என்றாள் அக்கா.

சின்னவளின் வீட்டில், சின்னவளைப் பார்த்து!

அவள் உட்கார்ந்தாள். சிரித்தும் வைத்தாள். எல்லாரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவப் போனவள், ஒன்றைத் தொட்டியில் டொம்மென்று வைத்தாள்.

“என்னடி ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“அப்ப எதுக்குக் கோப்பையை உடைக்கிற?”

“உனக்கு வீடு இருக்கு, புருஷன் இருக்காரு, பிள்ளைங்க இருக்காங்க. அங்க தெருவே உன் பின்னால நிக்கும். எனக்குன்னு இருந்தது இந்த ஒரு ஊருதான். அதையும் வந்த வாரத்துலயே நீ வளைச்சுப் போட்டுட்ட!”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் வாயை விட்டுப் போனதை எட்டிப் பிடிக்க முடியவில்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அக்கா வெளியே இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தையல்காரி மேலே வந்து, “அக்கா?” என்று தமிழிலேயே கேட்டாள். அந்தச் சொல்லை அவள் எப்போது கற்றாளோ! அக்கா தலைவலி என்று நெற்றியைத் தொட்டுக் காட்டி அனுப்பிவிட்டாள். இதற்கிடையில், இத்தனை நாள் நாலு மாடி ஏறி இறங்கியதில் அவள் முட்டியும் வீங்கியிருந்தது.

“கிளம்பு. ஆஸ்பத்திரிக்கு,” என்றாள் சின்னவள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

“அதை நான் சொல்லணும்.”

மருத்துவமனையின் பயிற்சிக்கூடம் நீளமானது. ஒரு பக்கம் பிடித்து நடக்கிற இரட்டைக் கம்பிகள், ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர், மூலையில் ரப்பர் பட்டைகளும் ஆளுயரப் பந்துகளும். சின்னவள் அக்காவின் முட்டியை அழுத்திப் பார்த்து, பனிக்கட்டிப் பையைக் கட்டி, ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்ட டிராம் ஓட்டுநர் ஒருவர் கம்பிகளுக்கு நடுவே நின்றார். மலை மாதிரி உடம்பு, பிள்ளை மாதிரி அழுகை. முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். சின்னவள் இடுப்பில் கை வைத்து, தன் வானொலி மொழியில் நீளமாக எதையோ சொன்னாள். கூடமே சிரித்தது. ஓட்டுநரும் அழுகையை விட்டுச் சிரித்து, “உத்தரவு, மந்திரியம்மா,” என்று காலைத் தூக்கி வைத்தார். அவர் தடுமாறியபோது அந்த மலையைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றாள் சின்னவள். ஒரு நொடிகூட வார்த்தையைத் தேடவில்லை.

திரும்பும்போது டிராமில் அக்கா முட்டியை நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

“அந்த ஆளுகிட்ட என்ன சொன்ன?”

“டிராம் பாதி வழியில நின்னா நடுத்தெருவுலயே விட்டுட்டுப் போவீங்களான்னு கேட்டேன்.”

“அங்க அவ்வளவு வாய் பேசுற. கீழ் வீட்டுக்காரிகிட்ட மட்டும் ஏன் வாயே தொறக்கல?”

சின்னவள் கைப்பையின் வாரைத் திருகினாள். “அங்க அவங்களுக்கு நான் வேணும். இங்க… தப்பாப் பேசிட்டா என்ன நினைப்பாங்களோன்னு இருக்குக்கா. ரொம்பப் பிடிச்ச ஊராச்சே.”

“அடிப் பைத்தியமே! இத்தனை வருஷம் இந்த ஊரைத்தான் கட்டிக்குவேன்னு ஒத்தைக்கால்ல நின்ன. கட்டிக்கிட்டு வந்த அப்புறமும் பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னால நிக்கிற மாதிரி குனிஞ்ச தலை நிமிராம நின்னா குடும்பம் எப்படி நடத்துவ?”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் கலங்கியது. அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அக்கா, “ஏய், முட்டி, முட்டி,” என்று கத்தினாள். முன்சீட்டில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் இரண்டு பேருமாகத் தையல்காரி வீட்டுக்குப் போனார்கள். ஊர் திரும்பும் நாள் வரை அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு போகிற பேச்சை மறுபடி எடுக்கவில்லை. விடுமுறை நாள்களில் சின்னவள் அவளைப் பாலங்களுக்கும் சிலைகளுக்கும் அழைத்துப் போய் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்கா பாதிக் கதையில் கொட்டாவி விட்டாள். ஆனாலும் மூக்கு உடைந்த சிலையின் முன்னால் நெடுநேரம் நின்று, “பாவம்டி,” என்றாள்.

விமான நிலையத்தில் அக்கா அழுதாள். “நீ வரலன்னு அழல. எனக்கு இனிமே யாருடி முட்டி பிடிச்சுவிடுவா?” என்றாள். நம்புகிற மாதிரி இல்லை. சின்னவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

அக்கா போன பிறகு படிக்கட்டு மறுபடியும் அமைதியாகிவிடும் என்று சின்னவள் பயந்தாள். அப்படி ஆகவிடக் கூடாது என்று மறுநாள் தானே போய்க் கதவைத் தட்டினாள். ஒத்திகை பார்க்கவில்லை. வாக்கியம் நடுவில் உடைந்துபோனது. தையல்காரி மீதியைத் தானே முடித்து, நாற்காலியில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் பண்ணினாள். வருஷக்கணக்காகத் துணி மேல் குனிந்து குனிந்து அவள் தோள் இறுகிக் கிடந்தது. சின்னவள் அதைப் பிடித்துவிட்டாள். தோள் இளகியதும் நாக்கும் இளகியது. யாரிடமும் அதிகம் பேசாத அந்தப் பெண், இறந்துபோன கணவனைப் பற்றியும், கடிதம் போடாத மகளைப் பற்றியும், இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வைக்காத உரிமையாளரைப் பற்றியும் கொட்டித் தீர்த்தாள்.

குளிர் தொடங்கிய ஒரு மாலை, இரண்டு பேரும் சந்தைக்குப் போக நிறுத்தத்தில் காத்து நின்றார்கள். டிராம் வருகிற வழியாக இல்லை. காற்று காதைக் கடித்தது.

“இந்த ஊர்ல ஒரு வண்டியாவது நேரத்துக்கு வருதா? நிர்வாகமா இது, வெட்கக்கேடு!” என்று சின்னவள் அந்த மொழியிலேயே பொரிந்து தள்ளினாள்.

நிறுத்தத்தில் நின்ற ஒருவர், “நல்லாச் சொன்னீங்க,” என்றார். இன்னொரு அம்மாள் போன வாரம் தான் பட்ட பாட்டை ஆரம்பித்தாள். தையல்காரி மேயரை இழுத்தாள். வண்டி வந்து நின்றபோதும் பேச்சு நிற்கவில்லை. எல்லாருமாக முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் உள்ளே நகருங்க, உள்ளே இடம் இருக்குல்ல,” என்று முன்னால் நின்றவர்களை அதட்டினாள்.