மஞ்சள் தண்ணீரில் ஒரு வெள்ளைப் புடவை

என் கடைக்குப் பெயர் 'மறுபடி'. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாவு மில்லுக்கும் வலைக்கடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்கிறது. பழைய துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர்கள் தெருத்தெருவாக அள்ளி வரும் மூட்டைகளில் நான் தேடுவேன். பெல்பாட்டம், டெரிகாட்டன் சட்டை, பஃப் கை ஜாக்கெட், நைலக்ஸ் புடவை என்று தேறுவதைத் துவைத்துத் தைத்து இஸ்திரி போட்டு மாட்டினால், காலேஜ் பிள்ளைகள் அடித்துப் பிடித்து வாங்கிப் போகிறார்கள். அவர்கள் இதை விண்டேஜ் என்கிறார்கள். என் அம்மா பவுனம்மாள் 'செத்தவங்க துணி' என்கிறாள்.

அம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். காலை வியாபாரம் முடிந்ததும் குளித்துவிட்டு, திட்டிக்கொண்டே என் கடைக்கு வந்து உட்காருவாள். வாய்தான் அப்படி. நான் சாப்பிட்டேனா என்று பார்க்காமல் ஒருநாளும் அவள் தொண்டையில் சோறு இறங்காது.

செங்கொடி என்னுடன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்தவள். வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். டில்லிபாபுவுடன் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அந்த வாரம் ஒரு புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளைக் காட்டன், நீலக் கரை. அவர்கள் பௌத்தக் குடும்பம். கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளைதான் உடுத்துவார்கள். இது அவள் அம்மா கெங்கம்மா தன் கல்யாணத்துக்குக் கட்டியது. கெங்கம்மா இப்போது இல்லை. கரையோரம் கிழிந்திருந்ததை நான் இழை ஓட்டிச் சரிசெய்தேன். கிழிசல் எங்கே என்று கேட்டால் எனக்கே தெரியாது, அவ்வளவு சுத்தம்.

வியாழக்கிழமை ஒரு மூட்டை எடுக்க மீஞ்சூர் போக வேண்டியிருந்தது. அது செங்கொடியின் கல்யாணப் புடவை, அவள் வந்தால் கொடுத்துவிடு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மாடிக் கொடியில் ஒரு மஞ்சள் புடவை சொட்டிக்கொண்டிருந்தது. நீலக் கரையைப் பார்த்ததும் அது செங்கொடியின் புடவை என்று தெரிந்துவிட்டது. புதுத்துணி முனையில் மஞ்சள் தடவுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். என் அம்மாவோ மஞ்சளை அரைத்துப் பக்கெட்டில் கரைத்து, புடவையை முழுசாக முக்கி எடுத்திருந்தாள்.

"இன்னாமா பண்ணி வச்சிருக்க?"

"கல்யாணப் பொண்ணு வெள்ளையா கட்டிகினு போவும்? அத்த அப்டியே குட்த்து அனுப்ப எனக்கு மனசு வர்ல."

வந்த ஆத்திரத்தில் புடவையைப் பிடுங்கி சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. புடவை அங்கங்கே குங்குமமாகச் சிவந்துவிட்டது. அதைப் பார்த்து நான் அழுதேன், அழுதுகொண்டே அம்மாவிடம் கத்தினேன். அவர்கள் வீட்டில் வெள்ளைதான் கல்யாண நிறம் என்று சொன்னேன், அவள் அம்மா கட்டிய புடவை என்றும் சொன்னேன்.

அம்மா பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். என் அப்பா கோதண்டம் செத்த அன்று மாமாக்கள் கொண்டுவந்து அவள்மேல் போட்ட கோடி வெள்ளை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவள் மணமேடைப் பக்கம் போனதில்லை. சமையல்கட்டோடு நின்றுவிடுவாள். ஒரு சின்னப் பெண்ணை அதே வெள்ளையில் அனுப்ப அவளுக்குக் கை வரவில்லை. இது புரிந்தபோது என் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் மீதிக் கோபத்தால் புடவை வெளுத்துவிடாது.

செங்கொடியிடம் தானே சொல்வதாக அம்மா கிளம்பினாள். நானும் கூடப் போனேன். செங்கொடி அந்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு கரையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எங்கம்மாவுதுனு இது ஒண்ணுதான் பெரிம்மா எங்கையில கீது."

அம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "தப்பு பண்ட்டேம்மா. அழாத. வெயில்ல போட்டா மஞ்சா வெளுத்துடும். நானே பாத்துக்கறேன்."

எலுமிச்சம்பழம் பிழிந்து அலசியதும் சிவப்பு போய் மறுபடி மஞ்சளானது. எங்கள் மீனவக் குப்பத்து மணலில் காயவைக்கலாம் என்றாள் அம்மா. கருவாட்டு நாற்றத்தோடு மணப்பெண் போவாளா என்று நான் சண்டை போட்டதில், செங்கொடி வீட்டு மொட்டை மாடியே முடிவானது. வெள்ளிக்கிழமை அம்மா வியாபாரத்துக்கே போகவில்லை. புடவையை விரித்து, தண்ணீர் தெளித்து, காய்ந்ததும் திருப்பிப் போட்டு மறுபடி தெளித்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் கீழ்வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக மேலே வந்தார்கள். ஒருத்தி காக்கா விரட்டினாள், ஒருத்தி மோர் கொண்டுவந்தாள், இன்னொருத்தி அம்மாவை நிழலுக்குத் தள்ளிவிட்டுத் தெளிப்பதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமையும் இதே கதைதான். மாலையில் புடவையைத் தூக்கிப் பார்த்தோம். கரை ஓரத்தில் லேசாக ஒரு மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி வெள்ளை. செங்கொடி அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் அம்மா திகைத்துப்போனாள். புத்தர் சிலைக்கு முன்னால் பெண்கள் பாதிப்பேர் வெள்ளைப் புடவையில், தலை நிறையப் பூ வைத்து, சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா வழக்கம்போலக் கடைசி வரிசைக்குப் போய்த் தூண் ஓரமாக நின்றுகொண்டாள். மாலை மாற்றும் நேரத்தில் செங்கொடி மேடையிலிருந்து இறங்கி நேராக அவளிடம் வந்தாள். மாலையை அவள் கையால் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

"நானு எட்த்துக் குடுக்கக் கூடாதும்மா."

"எங்க வூட்ல அப்டிலாம் கெடயாது பெரிம்மா. எங்கம்மா இருந்தா அது குட்த்திருக்கும். வாங்க."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே மேடைக்குப் போனாள். மாலையை எடுத்துக் கொடுத்தாள். நான் அழுதேன். அன்றைக்கு அழாதிருந்தால்தான் தப்பு.

திங்கட்கிழமை அம்மா கடைக்கு வரும்போது அக்குளில் ஒரு செய்தித்தாள் பொட்டலம் இருந்தது. பிரித்தால் மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை. அப்பா செத்த அன்று போட்ட கோடி. இத்தனை வருஷம் பெட்டி அடியில் வைத்திருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. செத்தவர் துணி என்று என்னைத் திட்டியவள் அதை இஸ்திரி மேசைமேல் வைத்தாள்.

"இத்த முன்னாடி மாட்டு. யார்னா கேட்டா, கல்யாணத்துக்குக் கட்டலாம்னு சொல்லு."

இஸ்திரி போட்டு வாசல் கம்பியில் மாட்டினேன். அம்மா சந்தில் இறங்கி நின்று பார்த்துவிட்டு, கோணலாக இருக்கிறது என்று திட்டினாள்.