கஸ்பாரின் மனசாட்சி

ஒரே மைக் செட்டுக்காக ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் நடப்பான்? உப்பளத்தில் உப்பு வாருகிற பஞ்சநாதன் நடந்தான். எழுபத்தேழாம் வருஷ ஆடியில், காலனி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பாட்டு வைப்பதாகத் தெருவுக்கே வாக்குக் கொடுத்திருந்தான். மரக்காணத்தில் அப்போது வாடகைக்கு இருந்ததோ கஸ்பாரின் செட் ஒன்றுதான்.

கேட்டதும் கஸ்பார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "ஏம்பா, நான் வேதக்காரன். உங்க சாமிக்கு எப்படி மைக் கட்டுறது? மனசாட்சி ஒத்துக்கல."

அவரவர் சாமி அவரவருக்கு. பஞ்சநாதனுக்கு நியாயமாகத்தான் பட்டது. கும்பிடு போட்டுவிட்டு வந்தான்.

நாலாம் நாள் ஊர்த்தெருவில் திரௌபதி அம்மன் தீமிதி. பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து அம்மன் பாட்டு காலனிவரை வந்து காதைத் துளைத்தது. எட்டிப் பார்த்தால், கீழே ரெக்கார்டு மாற்றிக்கொண்டிருப்பது சாட்சாத் கஸ்பார். பஞ்சநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடிந்ததும் போய் நின்றான். "அந்தச் சாமிக்கு ஒத்துக்கிற மனசாட்சி எங்க சாமிக்கு மட்டும் ஒத்துக்காதாங்க?"

கஸ்பார் தலையைச் சொறிந்தார். "காலனிக்குக் குடுத்தா ஊர்க்காரங்க கோச்சிக்குவாங்கப்பா. நான் பொழைக்க வாணாமா?"

"இத மொதல்லயே சொல்றதுதானே? பாவம், ஏசுவை ஏங்க நடுவுல இழுத்தீங்க?"

அங்கிருந்து நேராகத் தாலுகா ஆபீஸ். கடைக்காரன் தீண்டாமை பார்த்தால் ஜெயில் என்று போன வருஷம்தான் சட்டத்தை இறுக்கியிருந்தார்கள். அதிகாரி கஸ்பாரைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் உள்ளே தள்ளுவேன் என்று அதட்டி அனுப்பினார்.

கூழ் ஊற்றும் வெள்ளிக்கிழமை செட் வந்துவிட்டது. குழாய் கட்டிப் பாட்டும் போட்டாயிற்று. பூசாரி பேசுவதற்கு மைக் கேட்டபோது, கஸ்பார் பையிலிருந்து நசுங்கிப்போன மைக் ஒன்றை எடுத்து நீட்டினார். பளபளவென்று இன்னொன்று பெட்டிக்குள் கிடந்தது.

"அது எதுக்குங்க?" என்றான் பஞ்சநாதன்.

"அது ஊர்க்காரங்க வாய் வெச்சுப் பேசுறதுப்பா. உங்களுக்குன்னு தனியா கொண்டாந்துருக்கேன். இதுவும் நல்லாவே பேசும்."

இந்த மனுஷனோடு இன்னும் எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? பஞ்சநாதனுக்கு அலுத்தேபோயிற்று. கத்தக்கூடத் தெம்பில்லை. குழாயின் வாயை ஊர்ப்பக்கம் திருப்பச் சொன்னான். நசுங்கின மைக்கையே வாங்கி நிதானமாகப் பேசினான்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நம்ம கஸ்பார் அண்ணன் காலனிக்குன்னு தனி மைக் வெச்சிருக்காருங்க. இப்ப நான் பேசுறது அதுலதான். தாலுகா ஆபீஸ்வரைக்கும் கேக்குதுங்களா?"

கஸ்பார் பதறியடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். நல்ல மைக்கை எடுத்து அவன் கையில் திணித்தார். "டேய், இதுல பேசுடா!"

பஞ்சநாதன் வாங்கிக்கொள்ளவில்லை.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்றான். அதுவும் ஊர் முழுக்கக் கேட்டது.