சவுனாக் கதவின் பச்சை விளக்கு

நீராவிக் குளியலறையான சவுனாவின் அடுப்பைக் கைபேசியிலிருந்தே போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஒன்பது கிலோவாட் அடுப்பு அது, படுக்கையறை விளக்கு அல்ல. இருந்தும், மின்வேலை பார்க்கும் என்னை இர்மெலி கூப்பிட்டபோது திட்ட மனம் வரவில்லை. அவள் கணவன் ஔலிஸ் இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"காத்து பலமா அடிச்சா அவர் சவுனாவைப் போட்டுடுறாரு, கௌகோ" என்றாள், காபி ஊற்றிக்கொண்டே. "எனக்குப் பயமில்ல. ஆனா நேத்து துண்டு கருகிடுச்சு."

துண்டை அடுப்புக்கு மேலே காயப்போட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தால் வீடே போயிருக்கும்.

காரணம் ஔலிஸின் கைபேசியிலேயே இருந்தது. பலத்த காற்றில் காற்றாலைகள் சுழன்று, எங்கள் ஊரில் மணிக்கு மணி மாறும் மின்சார விலை சரியும். விலை பூஜ்யத்துக்குக் கீழே போய், எரிக்கிறவனுக்கே காசு கிடைக்குமென்றால் அடுப்பைப் போடு என்று அந்தக் கஞ்சன் பதிந்துவைத்திருந்தான்.

"அழிச்சிடவா?"

"வேணாம். அது ஒண்ணுதான் மிச்சம்."

அதனால் கதவில் ஓர் உணரியும், வெளியே ஒரு பொத்தானும் பச்சை விளக்கும் பொருத்தினேன்.

"அடுப்பு மேல துணி இல்ல, உள்ள யாரும் இல்லன்னு பாத்துட்டு, கதவைச் சாத்தி இதை அமுக்கணும். அப்பதான் பச்சை எரியும். பச்சை எரிஞ்சாத்தான், விலை இறங்கும்போது அடுப்பு தானாச் சூடேறும். கதவைத் திறந்தா எல்லாம் அணைஞ்சிடும்."

"அவரால அமுக்க முடியுமா?"

"செத்தவனுக்கு விரல் ஏது?" என்றேன். அவள் முகம் வாடியது. என் வாயை நானே நொந்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் காற்று ஜன்னல்களை உலுக்கியது. இர்மெலி அழைத்தாள். "உடனே வா."

போனேன். பச்சை விளக்கு எரிந்தது. கதவு சுட்டது.

"யார் அமுக்கினது?"

"நான்தான். தினமும் துணியெல்லாம் எடுத்துட்டு அமுக்கிடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்ட?"

"கேளு."

உள்ளே அடுப்பின் சூடான கற்களின் மேல் யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம். உஸ்ஸென்று ஆவி எழுந்து அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஊற்றும் சத்தம். நான் அமைத்த உணரி பொய் சொல்லாது. பச்சை எரிகிறதென்றால், அவள் அமுக்கிய பிறகு இந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

"உள்ள யாரும் இல்லன்னு பாத்துட்டுத்தான் அமுக்கினியா?"

"பாத்துட்டுத்தான்."

கைப்பிடியைப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பற்றினாள்.

"திறக்காத, கௌகோ. திறந்தா அணைஞ்சிடும்."