அரைமார்க்கு அக்காவும் பதினேழாம் மரமும்

ருசி பார்த்து மார்க் போடும்போது பத்துக்குப் பத்து யார் பழத்துக்கும் போட்டதில்லை என்பதால் ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்கு அரைமார்க்கு அக்கா என்று பெயர். எப்பேர்ப்பட்ட பீச் பழமாக இருந்தாலும் அரை மார்க்கைக் குறைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அன்று அவள் மரத்துக்கே பரீட்சை. புது ரகத்துக்கான போட்டியில் அவள் பதினோரு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த பதினேழாம் மரமும், டைரக்டர் வளர்த்த இருபத்துமூன்றும்தான் பாக்கி. காய்ப்பு, இலை சுருளும் நோயைத் தாங்குவது எல்லாவற்றிலும் இரண்டும் சரிசமம். இனி ருசிதான் தீர்ப்பு. தோற்ற மரத்தை வேரோடு பிடுங்கிவிடுவார்கள்.

தோலின் நிறம் கண்ணை மயக்கக்கூடாது என்று ருசி பார்க்கும் அறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. தட்டுகளில் ஏ, பி என்று எழுதியிருந்தது. அவளோடு சேர்த்து ஐந்து பேர் சுவைத்தார்கள்.

பி தட்டின் வாசனை மூக்கில் ஏறியதுமே அவள் முடிவுகட்டிவிட்டாள். என் பதினேழேதான்! ஒன்பது தரலாம். ஆனால் சொந்த மரத்துக்குச் சலுகை காட்டினாள் என்று நாலு பேர் பேசுவார்களே? மனதைக் கல்லாக்கிக்கொண்டு எட்டு போட்டாள். ஏ தட்டுக்கு எட்டரை.

எந்தத் தட்டு எந்த மரம் என்று எழுதி ஒட்டியிருந்த உறையைப் பிரித்தார்கள். ஏ தான் பதினேழு. ஐந்து பேர் மார்க்கையும் கூட்டினால் அரை மார்க்கில் ஜெயித்திருந்தது.

மரத்தடியில் வெயில் சூட்டோடு தின்றே பழகியவளுக்கு, குளிர் அறையிலிருந்து வந்த தன் பழத்தையே அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் கைகொடுத்தார்கள். அவளோ கையை இழுத்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மரம் பிழைக்கும். ஆனால் இவ்வளவு காலம் அடுத்தவர் பழத்துக்குக் குறைத்த அரை மார்க்கெல்லாம் பொய்யாகிப் போகும்.

"சார், பி தட்டு என்னோடதுன்னு நெனச்சு வேணும்னே ஒரு மார்க் குறைச்சுட்டேன்."

டைரக்டர் மார்க் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்படின்னா திரும்பச் சுவைச்சுப் பாக்கணும். வாங்க, மிச்சப் பழம் உள்ள இருக்கு."

குளிர் அறையில் லாரி டிரைவர் கவிழ்த்த கூடைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். காலிக் கூடைகளை எடுக்க வந்தவர். ஏ பெட்டி துடைத்துவிட்டது போலக் காலி. பி பெட்டியில் பழம் குறையவே இல்லை; ஒன்றை மட்டும் ஒரு கடி கடித்து அப்படியே வைத்திருந்தது.

"வேண்டாத பழம்னு நெனச்சேன் சார்," என்று வாயைத் துடைத்துக்கொண்டு பி பெட்டியைக் காட்டினார். "அந்தப் பெட்டி வாசனை ஆளைத் தூக்குது. ஆனா கடிச்சதுக்கப்புறம் திரும்ப இந்தக் காலிப் பெட்டிக்கே கை போகுது."

டைரக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மார்க் தாளில் ஆறாவது பெயராக டிரைவரை எழுதினார்.

"எத்தனை தின்னீங்க?"

டிரைவர் காலடியில் கிடந்த கொட்டைகளை எண்ணினார். ஒன்பது. பிறகு கையில் மிச்சமிருந்த பாதிப் பழத்தைப் பார்த்தார்.

"ஒன்பதரை சார்." டைரக்டர் அதையே ஏ தட்டுக்கு மார்க்காக எழுதினார்.

அக்கா அந்த அரையைக் குறைக்கச் சொல்லவில்லை.