லில்லியைப் பிரித்த ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் இரண்டு மாடி எழுப்பியதிலிருந்து ஜெயபாரதியின் வாசலில் வெயில் விழுவதில்லை. ரோஜாவும் மல்லிகையும் ஒரே வருஷத்தில் பட்டுப்போயின. நிழலிலும் வளரும் என்று நர்சரிக்காரர் கொடுத்த பீஸ் லில்லியைச் சுவரோரம் நட்டாள். மூன்று வருஷம் வெள்ளையாகப் பூத்துத் தள்ளியது. இந்த வருஷம் ஒரு பூகூட இல்லை.

புரட்டாசி மழை விட்ட ஒரு ஞாயிறு, கடப்பாரையோடு நின்றாள். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான கணவர் சென்னிமலை பதறினார்.

"ஏம்புள்ள, இருக்கற செடிய எதுக்குத் தோண்டறே?"

"தூர் கட்டிப்போச்சுங்க. வேருக்கு எடமே இல்ல. பிரிச்சு நட்டாத்தான் பூக்கும்."

சுற்றிலும் நெம்பித் தூக்கினார்கள். மண்ணை அலசியபோது வேர்கள் நூல்கண்டு மாதிரிச் சிக்கிக்கிடந்தன. கையால் பிரிந்தவரை பிரித்தாள். நடுவே இறுகிய கிழங்கைக் காட்டி, "இங்க வெட்டுங்க" என்றாள்.

"நீயே வெட்டு. எனக்கு மனசு வரல."

அவளே வெட்டினாள். ஒவ்வொன்றிலும் நாலைந்து இலையும் வேரும் இருக்கும்படி ஐந்து தூர்கள். நான்கை ஒரு முழம் தள்ளித் தள்ளி நட்டாள். ஐந்தாவதைப் பாண்டியம்மாளிடம் கொண்டுபோனாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பாண்டியம்மாளுக்கு முகம் சிறுத்துவிட்டது.

"எங்க மாடியாலதான உங்க ரோசாவெல்லாம் போச்சு. எனக்குப் போய்க் குடுக்குறீகளேக்கா."

"உங்க மாடிப்படிக்கடியிலயும் வெயில் இல்லீங்களே, அங்க வைங்க" என்று ஜெயபாரதி சிரித்தாள்.

மறுநாளே இலைகளெல்லாம் தொங்கிப்போயின. சென்னிமலை ஷிஃப்டுக்குப் போகுமுன் யாருக்கும் தெரியாமல் ஒரு குடம் ஊற்றினார். மூன்றாம் நாள் அகப்பட்டார்.

"சேறாக்கி வெச்சிருக்கீங்களே! வேரு அழுகிப்போயிருமுங்க. கைய வெச்சுட்டுச் சும்மா இருங்க."

சும்மா இருந்தார். பத்து நாளில் இலைகள் நிமிர்ந்தன. ஐப்பசிக் கடைசியில் மூன்று தூர்களில் புதுக் குருத்து சுருண்டு நின்றது. நான்காவது அழுகிவிட்டது, அதை அவரே பிடுங்கிப் போட்டார். மார்கழியில் முதல் பூ வந்தபோது கம்பெனியில் எல்லோருக்கும் போனில் காட்டினார்.

அடுத்த ஞாயிறு அவரே கடப்பாரையை எடுத்துக்கொண்டு, லில்லிக்குப் பக்கத்தில் புதிதாக வைத்திருந்த பெரணிச் செடியிடம் போய் நின்றார்.

"இதையும் பிரிச்சுப் போடலாமா புள்ள?"

"அது போன மாசந்தானுங்க வெச்சேன்" என்றாள் ஜெயபாரதி. "வாங்க, டீ ஆறுது."