தம்பி கைக்கு எட்டும் சக்கரம்

ஆற்றங்கரைப் பூங்காவுக்கு வரைபடம் போட்டுக் கட்டியவள் அக்காதான். ஊஞ்சல், புல்மேடு, மணல்குழி எல்லாம் ஊருக்கு. தண்ணீர்வரை இறங்கும் சரிவுப் பாதையும், அதன் கடைசியில் நிற்கும் தண்ணீர்ச் சக்கரமும் தம்பிக்கு. சுற்றினால் ஆற்றுத் தண்ணீரை வாரி இறைக்கும் சக்கரம் அது. தம்பியை அவனுடைய சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, அதை அளந்துதான் கைப்பிடியின் உயரத்தைக் குறித்தாள். முப்பது வயதாகியும், யாராவது மூட்டைபோலத் தூக்காமல் அவன் ஆற்றோரம் போனதில்லை. சக்கரத்தை முதலில் சுற்றுவது நான்தான் என்று ஒரு வருஷமாக அவளைப் பிடுங்கி எடுத்தான்.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் காலை அழைத்து வந்தாள்.

"கிட்ட வராதேக்கா. நானே இறங்குறேன்."

அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது.

விஷயம் இதுதான்: நாற்காலிக்கு நோகாத சரிவு டிராக்டருக்கும் நோகாது. பாதை முடிந்த மறுநாளே, மணல் திருடும் கொம்பன் அதில் வண்டியை இறக்கிப் பார்த்துவிட்டான். அவளும் விடவில்லை, நாற்காலி மட்டும் நுழைகிற இடைவெளி விட்டு, பாதையின் வாயில் இரும்புத் தூண்களை நட்டுவிட்டாள். அவற்றை உடைக்கத்தான் கொம்பன் இரண்டு ஆட்களோடும் சம்மட்டியோடும் வந்திருந்தான். பட்டப்பகலில்! என்ன திமிர்!

முதல் தூண் சாய்ந்தது. இரண்டாவது தூணின் முன்னால் அவள் போய் நின்றாள்.

"என்னைத் தாண்டித் தொடு, பார்க்கலாம்."

கொம்பன் விட்ட அறையில் உதடு கிழிந்து, ரத்தம் தாடையில் இறங்கியது.

"டேய்! அக்கா மேல கை வெச்சே..." சரிவின் தலைப்பில் நின்ற நாற்காலியிலிருந்து தம்பி கத்தினான்.

"நீ வேற இருக்கியா?" கொம்பன் நாற்காலியின் முதுகில் ஓங்கி உதைத்தான்.

அது சரிவில் ஓடியது. வேறு பாதையாக இருந்தால் நேரே ஆற்றுக்குள் போயிருக்கும். கை ஓய்ந்தவர்கள் நின்று மூச்சுவிட அவள் பாதி வழியில் ஒரு சமதளம் வைத்திருந்தாள். அங்கே போய் நின்றது. நின்றதுதான் கொம்பனுக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய், தம்பியைத் தலைமுடியோடு இழுத்துத் தரையில் போட்டு, முகத்தில் மிதித்தான்.

சம்மட்டி எப்படி அவள் கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது. முழங்காலைப் பார்த்துத்தான் அடித்தாள். விறகு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தவனை அதே காலில் இன்னொரு அடி அடித்தாள். "அம்மா" என்று அவன் அலறியபோது அவளுக்கு மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். மூன்றாவது அடிக்கு ஓங்கினாள்.

"அக்கா, போதும்!"

ஆட்கள் இருவரும் வெலவெலத்துப் போனார்கள். தூக்கப் போனால் கொம்பன் துடித்தான்.

தம்பி ரத்தத்தோடு ஒரு பல்லையும் துப்பினான். "என் நாற்காலியில ஏத்துங்கடா. ஆஸ்பத்திரியில விட்டுட்டுத் திருப்பிக் கொண்டாங்க."

அவ்வளவு பெரிய ஆள், ஒருத்தன் ஒற்றைக் கையால் தள்ளவே மேலே போய்விட்டான். பாதையை அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாள் பாவி.

தம்பி கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்துத் தண்ணீர்ச் சக்கரம்வரை போய்ச் சேர்ந்தான். நிமிர்ந்து கையை நீட்டினான். கைப்பிடி ஒரு முழம் மேலே இருந்தது.

"தூக்கட்டுமாடா?" அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"வேண்டாம். இவ்வளவு நாள் இருந்தாச்சு. நாற்காலி வரட்டும்."

இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி வருவதற்குள் அவளைத் தேடிப் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.